நாற்பது கிலோமீட்டர் குறைகிறது

பூசணிப்பட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். சிக்கலே அங்கேதான். "நேராப் போங்க" என்று அவர்களுக்கு வழி சொல்லிவிட்டால், சாலை வளையும் இடத்தில் சாலையை விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி நேராகப் போய்க்கொண்டிருப்பார்கள். நம்பாதவர்கள் மதுரைக்குத் தெற்கே ஒரு நடை போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களிடம் மட்டும் வழி கேட்டுவிடாதீர்கள்.

அந்த ஊர் சோணைமுத்துவுக்கு ஒரே தங்கச்சி, பேச்சியம்மாள். சென்னைப் பக்கம் தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமும் அங்கேதான் நடந்தது. பத்திரிகையில் முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்கு மேல் என்று போட்டிருந்தது. சோணைமுத்து மாலையும் கையுமாகச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் இறங்கினார். நாலு மணி என்பது ஒன்பது மணிக்கு மேல்தானே என்று கேட்டார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர் யோசித்துப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். தங்கச்சி ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மூன்று வருஷமாக அண்ணனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவளுடைய பெண்குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் ஞானசுந்தர் ஒருநாள் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நல்ல நேரம். பன்னிரண்டு நெருங்கியும் மாமன் வந்து சேராவிட்டால் வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று தன் வீட்டுப் பெரியவர்கள் முடிவு பண்ணியிருப்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"பேச்சி வாயைத் திறந்து கேக்கலை மச்சான். ஆனா உங்க மடிதான் வேணும்னு இருக்கா. அது எனக்குத் தெரியும்."

சோணைமுத்து உடனே எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் இன்றைக்கே கிளம்பிவிடுகிறேன் என்றார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

ஞானசுந்தர் இந்தத் தடவை பஸ்ஸையும் நம்பவில்லை, ரயிலையும் நம்பவில்லை. நாலு பேருக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். காலையில் வந்து அன்றைக்கே மாலையில் திரும்புகிற மாதிரி எடுத்திருந்தார். தங்க வைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம்தான், விமானம் கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்னால் நிலையத்துக்குப் போய்விடுங்கள், அங்கே என்ன சொல்கிறார்களோ அதன்படி நடந்துகொள்ளுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். அந்தக் கடைசிப் புத்திமதியை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

போகிற நாலு பேர் யார் யார் என்றால், சோணைமுத்து, அவர் சம்சாரம் காமாயி, காமாயியின் தம்பி மொக்கராசு, சோணைமுத்துவின் பங்காளி முறையில் தம்பியான ஒய்யணன். ஒய்யணன் பத்தாம் வகுப்பைப் பலமுறை படித்தவன். ஊரில் அவ்வளவு ஆழமாகப் பத்தாம் வகுப்பைப் படித்தவர் வேறு யாரும் இல்லாததால் கணக்கெல்லாம் அவன் பொறுப்பு.

ரேஷன் கடை வாசலில் கூடிப் பேசினார்கள். ஒய்யணன் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து கவலையோடு உட்கார்ந்தான். மதுரையிலிருந்து சென்னைக்குச் சாலை வழியாகப் போனால் நானூற்று அறுபது கிலோமீட்டர். ஆகாயத்தில் போனால் நானூற்று இருபது. 

"அப்ப நாப்பது குறையுதே," என்றார் சோணைமுத்து.

"அதைத்தாண்ணே நானும் யோசிக்கிறேன். சென்னை இருந்த இடத்துலதான் இருக்கு. மதுரையும் இருந்த இடத்துலதான் இருக்கு. விமானம் மட்டும் நாப்பது கிலோமீட்டர் கம்மியா போகுது."

"அப்படின்னா?"

"சென்னைக்கு நாப்பது கிலோமீட்டர் முன்னாடியே இறக்கி விட்டுருவாங்க."

மொக்கராசு விரலை மடக்கிப் பார்த்தார். சென்னைக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னால் என்றால் செங்கல்பட்டுப் பக்கம் வரும். அங்கிருந்து சீர்த் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பன்னிரண்டு மணி தாண்டிவிடும். கடைசியில், கையோடு ஒரு சைக்கிளைக் கொண்டுபோய்விடுவது என்று தீர்மானமாயிற்று. சோணைமுத்து தாம்பாளத்தோடு பின்னால் உட்கார்ந்துகொள்வார், மொக்கராசு மிதிப்பார், மற்ற ரெண்டு பேரும் கூடவே ஓடி வருவார்கள்.

அடுத்த சிக்கல் நேரம். விமானம் கிளம்புவதற்கு ரெண்டு மணி நேரம் முன்னால் போகச் சொல்லியிருக்கிறார். பிரயாணமோ ஒன்றேகால் மணி நேரம். ஒய்யணன் தரையில் குச்சியால் கழித்துப் பார்த்தான். முக்கால் மணி நேரம் மிச்சம் வந்தது.

"மதினி, விமானம் கிளம்புறதுக்கு முக்கால் மணி நேரம் முந்தியே நாம சென்னையில இருப்போம்."

காமாயிக்கு அது சரியாகப் படவில்லை. நாம் மதுரையில் இன்னும் ஏறியே இருக்க மாட்டோம் என்று தங்கச்சி வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும்போது போய்க் கதவைத் தட்டினால் பயந்துவிட மாட்டார்களா, பச்சைப்பிள்ளை இருக்கிற வீடாச்சே என்றாள். அந்த முக்கால் மணி நேரத்தை மதுரை நிலையத்து வாசலிலேயே நின்று கழித்துவிடுவது என்று முடிவு செய்து கலைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விமானம் காலை ஏழரைக்கு. ஐந்தரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, முக்கால் மணி நேரம் வெயிலே இல்லாத மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். வாசல் காவலர் நிறுத்தினார். எதற்குச் சைக்கிள் என்று கேட்டார். கடைசி நாற்பது கிலோமீட்டருக்கு என்றார் சோணைமுத்து. காவலர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், சைக்கிளை வண்டி நிறுத்தும் இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள் என்று தன்மையாகச் சொன்னார். அங்கே வேறு சைக்கிள் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நாலு பேரும் நிம்மதியடைந்தார்கள்.

சோதனை போடும் இடத்தில் கையை அகட்டி நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள். தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போனார்கள். கையை இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. தடுப்புக்குப் பின்னால் சோதனை முடிந்து காமாயியும் அதேபோல வந்து சேர்ந்துகொண்டாள். நாலு பேரும் இரண்டு பக்கமும் கையை விரித்தபடி, ஒருவர் மேல் ஒருவர் இடித்துவிடாமல் இடைவெளி விட்டு, விமானம் வரைக்கும் நடந்தார்கள். ஒரு விரித்த கையில் தாம்பாளப் பை, இன்னொன்றில் பட்டுப்பாவாடைப் பை. பறக்கப் போகிறவர்களுக்கு இது ஒரு பழக்கம் போல என்று மொக்கராசு சொன்னார். விமான வாசலில் நின்ற பணிப்பெண் கைகூப்பி வணக்கம் சொன்னாள். பதிலுக்கு அவர்களும் கூப்பினார்கள். அந்த வகையில் கை கீழே இறங்கியது.

விமானம் மேலே போனதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. போனை அணைத்துவிடுங்கள், சென்னை போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். சோணைமுத்து தன்னுடைய பட்டன் போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். இறங்கும்வரை இடுப்பு வாரைக் கழற்ற வேண்டாம் என்றார்கள். அதையும் நாலு பேரும் மனதில் வைத்துக்கொண்டார்கள்.

ஐம்பத்தைந்தாவது நிமிஷம் சக்கரம் தரையைத் தொட்டது. ஒலிபெருக்கியில் விமானி நல்ல தமிழில் பேசினார். காற்று சாதகமாக இருந்ததால், சென்னைக்கு இருபது நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம் என்றார்.

ஒய்யணன் மெல்லத் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

"கேட்டீங்களா. சென்னைக்கு முன்னதாவே. அவரே வாயால சொல்லிட்டாரு."

"பொய் சொல்லலை பாரு," என்றார் சோணைமுத்து. "மறைக்காம சொல்ற மனுசன்."

மற்றவர்கள் எழுந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். இவர்கள் நாலு பேரும் வாரோடு உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்வரை கழற்றக் கூடாது. கழற்றாமல் இறங்கவும் முடியாது. மொக்கராசு இதை நன்றாக ஆராய்ந்தார். வார் நாற்காலியோடு சேர்ந்திருக்கிறது, நாற்காலி விமானத்தோடு சேர்ந்திருக்கிறது, ஆகவே நாம் இறங்க வேண்டுமென்றால் விமானமும் கூடவே இறங்க வேண்டும் என்றார். காமாயி படிக்கட்டின் அகலத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அது நடக்காது என்றாள். பெருக்குகிறவர்கள் வந்தார்கள். இவர்கள் காலைத் தூக்கிக் கொடுத்தார்கள். கடைசியில் பணிப்பெண் வந்து, ஐயா, கழற்றலாம் என்றாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று சோணைமுத்துவுக்குச் சற்று வருத்தம்.

வெளியே வந்தபோது ஒரு டிரைவர், சோணைமுத்து, தாம்பரம் என்று பெரிதாக எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞானசுந்தர் அனுப்பிய ஆள். நாலு பேரும் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். நம்மை அழைத்துப் போக வந்தவராக இருந்தால் சென்னையில் அல்லவா நிற்பார், இது செங்கல்பட்டாச்சே என்றான் ஒய்யணன். இவர் வேறொரு சோணைமுத்துவுக்காக நிற்கிறார். டிரைவர் அவர்களைப் பார்த்து, நீங்கள்தானா என்று கேட்டார். சோணைமுத்து பணிவாக, நானும் சோணைமுத்துதான், ஆனால் அந்தச் சோணைமுத்து இல்லை என்றார். பாவம், அந்தச் சோணைமுத்து நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று காமாயி வேண்டிக்கொண்டாள்.

சைக்கிள் எங்கே கொடுக்கிறார்கள் என்று இரண்டு பேரைக் கேட்டார்கள். பதில் சரியாக இல்லை. பெரிய சாலைக்கு வந்து பஸ் பார்த்தார்கள். வந்து நின்ற முதல் பஸ்ஸின் பலகையில், சென்னை, ஒரு கோடு, மதுரை என்று எழுதியிருந்தது. சென்னை என்பதுதான் முதலில் இருந்தது. ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் எங்கே என்று கேட்டார்.

"நாப்பது கிலோமீட்டர்," என்றார் சோணைமுத்து.

கண்டக்டர் மனதுக்குள் அளந்து பார்த்துச் செங்கல்பட்டுக்கு நாலு டிக்கெட் கொடுத்தார். ஊர்ப் பேரைப் பார்த்த ஒய்யணன், எங்கே ஏறினோமோ அந்த ஊர்ப் பேரைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள் என்று மற்றவர்களுக்கு விளக்கினான். பஸ் தாம்பரத்தைத் தாண்டியது. பேச்சியம்மாள் வீட்டுத் தெருமுனையில் கட்டியிருந்த காதுகுத்து விழாப் பலகையைக் காமாயி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இங்கேயும் யாருக்கோ காதுகுத்து, நல்ல முகூர்த்த நாள்தான் என்றாள்.

ஒய்யணன் சாலையோரக் கல்லை எல்லாம் எண்ணிக்கொண்டே வந்தான். நாற்பது ஆனதும், சென்னை வந்துவிட்டது என்று அறிவித்தான். சென்னை வந்துவிட்டதால் சோணைமுத்து போனைப் போட்டார். போட்ட உடனே அது அடித்தது. மணி பத்தே முக்கால்.

எதிர்முனையில் ஞானசுந்தர் இல்லை.

"அண்ணே. எங்க இருக்கே?"

மூன்று வருஷத்துக்கு அப்புறம் கேட்கிற குரல். சோணைமுத்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்டக்டரைப் பார்த்தார். அவர் செங்கல்பட்டு என்றார். செங்கல்பட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன் தாயி என்று இவரும் சொன்னார். சென்னைக்கும் செங்கல்பட்டு என்று ஒரு பேர் இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் யார் யாரோ சத்தம் போட்டார்கள். இனி எப்படி வந்து சேர்வார், வேறு மடியில் வைத்துக் குத்துங்கள் என்று ஒரு கிழக்குரல் கேட்டது. பேச்சியம்மாள் குரல் அதையெல்லாம் தாண்டி வந்தது.

"அண்ணே, நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, காது குத்துற ஆசாரியையும் கூட்டிக்கிட்டுக் கார்ல வர்றேன். நீ உக்காந்த எடத்தை விட்டு அசையாதே. கேட்டுச்சா? அசையாதே."

கேட்டது. போன் வைத்ததும் கண்டக்டர், செங்கல்பட்டு, இறங்குங்கள் என்றார். சோணைமுத்து இறங்கவில்லை. மூன்று பேரும் அவரைப் பார்த்து இறங்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார், திட்டினார், பிறகு கெஞ்சினார்.

"தம்பி, மூணு வருசம் கழிச்சு எந்தங்கச்சி என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். உக்காந்த எடத்தை விட்டு அசையாதேன்னுட்டா. நான் அசைய மாட்டேன்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த கண்டக்டர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மதுரை வரைக்கும் நாலு டிக்கெட் கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பஸ் கிளம்பியது. சோணைமுத்து தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆணி அடித்தது போல இருந்தார். வேகத்தடையில் எல்லோரும் தூக்கிப் போடப்பட்டபோது, இது நம் கணக்கில் சேராது என்று மொக்கராசு தைரியம் சொன்னார்.

செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்த காரில் இருந்தவர்கள் பஸ் நின்ற இடத்தில் பஸ்ஸைக் காணவில்லை. ஞானசுந்தர் போன் பண்ணினார். அசைந்தீர்களா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றார் சோணைமுத்து. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று ஞானசுந்தர் கேட்டார். மரமெல்லாம் பின்னால் போகிறது என்றார் சோணைமுத்து. அதற்குப் பிறகு ஞானசுந்தர் டிரைவரிடம் பேசிய பேச்சு நாகரிகமாக இல்லை, ஆனால் கார் வேகமாகப் போயிற்று.

அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு சாலையோர ஓட்டலில் பஸ் டீக்கு நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், நாலு பேரைத் தவிர. மணி பதினொன்று நாற்பத்தைந்துக்குக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. பேச்சியம்மாள் பட்டுப்புடவையோடும் இடுப்பில் மொட்டைத்தலைப் பிள்ளையோடும் பஸ்ஸுக்குள் ஏறினாள். திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அண்ணன் கழுத்தைக்கூடத் திருப்பாமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் அசையலை தாயி," என்றார் உதட்டை மட்டும் அசைத்து.

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. பிள்ளையை அண்ணன் மடியில் வைத்தாள்.

"இப்ப அசையலாம்ணே. பிள்ளையைப் பிடிச்சுக்க."

ஆசாரி சீட்டுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நின்றார். கண்டக்டர் தாம்பாளத்தைப் பிடித்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் டம்ளரோடு ஜன்னலில் வந்து நின்றார்கள். பிள்ளை கவனத்தைத் திருப்புவதற்காக ஆசாரி, அதோ பார் காக்கா என்று வெளியே கையைக் காட்டினார். பிள்ளை பார்க்கவில்லை. சோணைமுத்துவும் காமாயியும் மொக்கராசுவும் ஒய்யணனும் பார்த்தார்கள். அவர்கள் காக்காயைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு காதும் குத்தி, கம்மலும் போட்டாயிற்று. பிள்ளை வீறிட்டு அழுதது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து. காக்கா அகப்படவில்லை.

அப்புறம் எல்லோரும் தாம்பரத்துக்குப் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு, மாலை நாலு மணி விமானத்துக்குப் போக வேண்டும். எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காமாயிதான் நின்றாள். மதுரை வரைக்கும் டிக்கெட் இருக்கிறது, ஜன்னலோரச் சீட்டு வேறு, நாம் எழுந்து போனால் எவனாவது உட்கார்ந்துவிடுவானே என்றாள். நியாயம்தான் என்று ஆண்கள் மூன்று பேரும் தோளில் கிடந்த துண்டைச் சீட்டில் போட்டார்கள். காமாயி தன் சுருக்குப்பையை வைத்தாள். மதுரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறோம், அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண்டக்டரிடம் சொன்னார் சோணைமுத்து. எதையும் கேட்பதில்லை என்று அதற்குள் முடிவு பண்ணியிருந்த கண்டக்டர் சரி என்றார்.

விருந்து நன்றாக நடந்தது. பேச்சியம்மாள் அண்ணன் இலையில் தானே பாயசம் ஊற்றினாள். போதும் போதும் என்று அவர் சொன்னதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. விமான நிலையத்துக்கு ஞானசுந்தரே கூட வந்து, உள்ளே போகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

ஐந்தேகாலுக்கு மதுரையில் இறங்கினார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமே என்றார் மொக்கராசு. சோணைமுத்து அவரை வருத்தத்தோடு பார்த்தார். சீட்டில் துண்டு போட்டு வைத்துவிட்டுப் போய் உட்காராமல் இருந்தால் அந்தக் கண்டக்டர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்றார். ஆகவே நேரே மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள்.

விளக்குப் போடும் நேரத்துக்கு, ஆறே முக்காலுக்கு, பஸ் வந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அலுத்துப் போய் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். இவர்கள் நாலு பேரும் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறினார்கள். துண்டு போட்ட இடத்தில் துண்டு இருந்தது. பை வைத்த இடத்தில் பை இருந்தது. அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒய்யணன் கடிகாரத்தைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்தான்.

"அண்ணே, விமானம் விமானம்னு சும்மா சொல்றாங்க. அதுல வந்த நாமளும் ஆறே முக்காலுக்குத்தான் இந்தச் சீட்டுக்கு வந்திருக்கோம். பஸ்ஸும் ஆறே முக்காலுக்குத்தான் வந்திருக்கு. ஒரு நிமிசங்கூட வித்தியாசம் இல்லை."

கண்டக்டர் பின்னால் வந்து, ஐயா, மதுரை வந்துவிட்டது, இறங்கலாம் என்றார்.

சோணைமுத்து எழுந்து இடுப்பைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம்கூட வலி இல்லை. முன்னால் போய் டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"சென்னையிலேர்ந்து இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல வந்தும் அலுப்பே தெரியலை தம்பி. இனிமே எங்க போனாலும் உன் வண்டிதான்."